சாம்பார் வாளியில் ஒரு பல்லி

ஒரு பிள்ளைக்கு அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, முட்டையை எத்தனை நிமிஷம் வேகவைக்க வேண்டும் என்றெல்லாம் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நூறு பிள்ளைகள் ஒரே குரலில் "பல்லி!" என்று கத்தினால் என்ன செய்வது என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அதை நான் சொல்கிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களைப் போலவே நானும் சேர்ந்து, சத்துணவு அமைப்பாளராக இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுப் போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். இவ்வளவு வருஷத்தில் ஒழுங்காகச் செய்ததெல்லாம் மறந்துவிட்டது. சொதப்பினது மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால் உங்களுக்குச் சொல்ல என்னிடம் சரக்கு நிறையவே உண்டு.

ஆம்பூரிலிருந்து பாலாற்றைத் தாண்டிப் போனால் ஒரு நடுநிலைப் பள்ளி. ஊரில் பாதிப் பேருக்குத் தோல் பதனிடுகிற டேனரியில் வேலை, மீதிப் பேருக்கு ஷூ கம்பெனியில். கம்பெனிக்குப் போக முடியாத பெண்கள் ஷூவின் மேல்பாகத்தை வீட்டுக்கே வாங்கி வந்து கையால் தைத்துக் கொடுப்பார்கள். அப்பர் தைக்கிறது என்பார்கள். நான் அந்தப் பள்ளிக்கு மாற்றலாகிப் போனபோது வேலையில் பழையவள்தான், ஆனால் அந்த ஊருக்குப் புதியவள். அங்கே சமையல் செய்தவர் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இந்த வயதிலும் பஸ் ஏறி வந்து சண்டை போடுவார். அக்கா என்றே வைத்துக்கொள்வோம். பதவியில் நான் மேலே. ஆனால் அது அக்காவுக்குத் தெரியாது. நானும் கடைசிவரை சொல்லவில்லை.

அன்று சாம்பார் சாதமும் முட்டையும். நூற்றுப் பதினான்கு பிள்ளைகள் வந்திருந்தார்கள். சாதத்தை நான் போட்டுக்கொண்டே போக, பின்னாலேயே அக்கா வாளியில் சாம்பாரைக் கொண்டுவந்து ஊற்றினார். ஆறாம் வகுப்பு வரிசை முடிகிற இடத்தில் ஒரு பையன் வாளிக்குள் எட்டிப் பார்த்தான். "டீச்சர், பல்லி!" என்றான்.

அக்கா கரண்டியால் துழாவி எடுத்தார். நாலு கால், நீளமான வால், கறுப்பாக, பருப்பு சொட்டச் சொட்ட. பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடினார்கள். மூன்று பெண்கள் வேப்பமரத்தடியில் குனிந்து ஓங்கரித்தார்கள். அதில் ஒருத்தி இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. தலைமையாசிரியர் வெளியே ஓடிவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் பயம் வந்துவிட்டால் கையில் போன் வந்துவிடும்.

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லிடட்டா? டிவிக்காரன் வர்றதுக்குள்ள நாமளே சொல்லிடலாமா?" என்றார்.

நாளைக்குப் பேப்பரில் என் பெயர் எந்த மூலையில் வரும் என்று யோசித்தேன். நேர்மையாகச் சொல்கிறேன், முதலில் பிள்ளைகளைப் பற்றி யோசிக்கவில்லை. என்னைப் பற்றித்தான் யோசித்தேன். உங்களுக்கும் அப்படித்தான் வரும். வெட்கப்பட வேண்டாம். ஆனால் அந்த நினைப்பில் ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்காதீர்கள்.

அக்கா நிற்கவே இல்லை. பல்லியைத் தண்ணீர் விட்டுக் கழுவினார். வாலைப் பிடித்து இழுத்தார். அது ரப்பர் மாதிரி நீண்டு திரும்பிச் சுருங்கியது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு நூற்றுப் பதினான்கு பிள்ளைகள் பார்க்க, அதன் தலையை வாயில் வைத்து ஒரு கடி கடித்தார்.

அப்போது எழுந்த கூச்சல் ரயில்வே லைன் வரைக்கும் கேட்டிருக்கும். வாந்தி எடுத்துக்கொண்டிருந்த பெண்கூட நிமிர்ந்து பார்த்தாள்.

அக்கா துப்பினார். "தோலு. ஷூவுக்குப் போடற தோலு. கத்தாதீங்கடா" என்றார்.

கூட்டம் அடங்கியது. தலைமையாசிரியர் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, "அப்பாடா. தோல்தானே! எடுத்துப் போட்டுட்டு மிச்சத்தை ஊத்துங்க. பிள்ளைங்க பசியோட நிக்குது" என்றார்.

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பல்லி இல்லை என்றாகிவிட்டது. பெரிய குண்டான் நிறைய சாம்பார் கொதிக்கக் கொதிக்க இருக்கிறது. பிள்ளைகளில் பாதிப் பேர் காலையில் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். அப்போது எங்கள் பள்ளியில் காலை உணவு கிடையாது. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா இன்னும் துப்பிக்கொண்டிருந்தார்.

"கசக்குதும்மா. டேனரில இதுக்கு இன்னா மருந்து போட்டானுங்களோ! உன் புள்ளைக்கு ஊத்துவியா இத?"

அவ்வளவுதான் கேட்டார். என் மகன் அப்போது வாணியம்பாடியில் படித்துக்கொண்டிருந்தான். ஊற்ற மாட்டேன். அது எப்போது விழுந்தது என்று தெரியாது, வாளியோ மூன்று தடவை குண்டானுக்குள் போய்வந்திருந்தது. அதனால் வாளியிலும் குண்டானிலும் பரிமாறின தட்டுகளிலும் இருந்ததையெல்லாம் கொண்டுபோய்ப் பள்ளத்தில் கொட்டினோம். கொட்டும்போது என் கண்ணில் தண்ணீர். வெங்காயம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சாம்பார் ஊற்றிச் சாப்பிட்ட பிள்ளைகளை ஒரு வகுப்பில் உட்காரவைத்து, சுகாதார நிலையத்து நர்சம்மாவை வரச்சொல்லிப் பார்க்கவைத்தோம். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. மற்றவர்களுக்குச் சாதம் இருக்கிறது, இன்னும் பரிமாறாத முட்டை இருக்கிறது, குழம்பு இல்லை. அக்கா எண்ணெயைக் காயவைத்து வெங்காயம், மிளகு, கறிவேப்பிலை, மஞ்சள் எல்லாம் போட்டு வதக்கிச் சாதத்தில் கொட்டிக் கிளறினார். முட்டையைக் கீறி மிளகுத் தூளில் புரட்டி மேலே வைத்தார். எல்லாம் அரை மணி நேரத்தில். பிள்ளைகள் வழித்து வழித்துச் சாப்பிட்டார்கள். நர்சம்மா பார்த்துவிட்டு அனுப்பின பிள்ளைகளும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு பையன் கையைக் கழுவிவிட்டு வந்து, "டீச்சர், நாளைக்கும் பல்லி விழுமா?" என்று ஆசையாகக் கேட்டான்.

இதுவரைக்கும் கேட்டால் நாங்கள் நன்றாகச் சமாளித்த மாதிரி இருக்கும். நான் சொதப்பினது இதற்கு அப்புறம்தான்.

பயம் போனதும் கோபம் வந்துவிட்டது. எனக்கு எப்போதும் அந்த வரிசையில்தான் வரும். பிள்ளைகளை நிற்கவைத்து, "இதைப் போட்டது யாருன்னு எனக்குத் தெரியும்" என்று கத்தினேன். தெரியாது. "நாளைக்குள்ள வந்து ஒத்துக்கலன்னா டிசி கிழிச்சுக் கையில குடுத்துடுவேன்" என்றேன். டிசி கொடுக்கிற அதிகாரம் தலைமையாசிரியருக்கு. டிசி எந்தக் கலரில் இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் சொல்லும்போது நன்றாக இருந்தது. பிள்ளைகள் கப்சிப்பென்று நின்றார்கள். தலைமையாசிரியரே கொஞ்சம் பயந்த மாதிரி இருந்தார்.

பாத்திரம் கழுவும்போது அக்கா, "ஒரு முட்ட மிச்சம்" என்றார்.

"இருக்கட்டும்க்கா."

"இருக்கட்டுமா? பசங்க எத்தினி பேரோ அத்தினி முட்டதான் அவிச்சேன். எவனோ ஒருத்தன் சாப்பிடல. இந்த வாசனைக்குச் சாப்பிடாம எந்தப் புள்ள இருக்கும்?"

நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. கோபத்தின் ருசியில் இருந்தேன்.

மறுநாள் ஆறாம் வகுப்பு நந்தினி வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வாயாடிப் பெண். முட்டை சின்னதாக இருந்தால் என்னிடம் வந்து, "இது கோழி முட்டையா, காடை முட்டையா?" என்று கேட்பவள். ஐந்தாம் நாளும் அவள் இடம் காலியாக இருந்தபோது அக்கா என்னைப் பார்த்தார். "அந்த மிச்ச முட்ட யாருதுன்னு இப்பப் புரியுதா?" என்றார். அன்று சாயங்காலம் பள்ளி விட்டதும் நான் நந்தினி வீட்டுக்கு நடந்தேன்.

வாசலில் அவள் அம்மா உட்கார்ந்து அப்பர் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நந்தினி. அவள் கையிலும் ஊசி. என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே ஓடித் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பாவாடை நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

"வயித்த வலின்றா டீச்சர். ஆனா கை மட்டும் வேல செய்யுது பாருங்க" என்றாள் அம்மா. "சொல்லப்போனா இதுவும் நல்லதுதான். பள்ளிக்கூடத்துல சோறு போடறாங்கன்னுதான் அனுப்பிட்டு இருந்தேன். நான் வேலைக்குப் போய்ட்டா மத்தியானம் இவளுக்கு யாரு போடுவா? இப்ப நான் வீட்டுலயே தைக்கிறேன். இவளும் பழகிட்டா. எங்க ரெண்டு பேருக்கும் காலைல வடிச்சதே போதும்."

"மத்தியானம் இன்னா சாப்ட்டா இன்னிக்கு?" என்று கேட்டேன்.

"அதான் சொன்னேனே. காலைல வடிச்சது. ஊறுகா இருக்குது."

ஜன்னல் கம்பியில் நூல் கட்டி வரிசையாகச் சில உருவங்கள் தொங்கின. தோல் துண்டில் வெட்டின தேள், பூரான், பட்டாம்பூச்சி, இரண்டு பல்லி. எல்லாம் அவ்வளவு அச்சு அசலாக இருந்தன. ஊகிக்க ஒன்றும் மிச்சம் இல்லை.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "உங்க பொண்ணு சாம்பார்ல பல்லி போட்டா" என்று. அந்த அம்மா நந்தினியை அங்கேயே இழுத்துப்போட்டு அடித்திருப்பாள். அத்தோடு பள்ளிக்கூடமும் முடிந்திருக்கும். அந்த வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. ஏனென்றால் அதைச் சொன்னால் தப்பு என்மேல் இல்லை என்றாகிவிடும். விழுங்கிக்கொண்டேன். "உடம்பு சரியானதும் அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா அரிசி களைந்துகொண்டே கேட்டார்.

"டிசின்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"அப்ப நீயே திருப்பி வாங்கிக்க. அந்தப் பொண்ணு டிசிக்குப் பயந்து வரல. இன்னும் பத்து நாள் போனா ஊசி கையிலயே ஒட்டிக்கும். அப்புறம் நீ போய்க் கூப்பிட்டாலும் வராது."

எப்படித் திருப்பி வாங்குவது? 'நந்தினியை மன்னித்துவிட்டேன்' என்று சொன்னால் அவள்தான் என்று ஊருக்கே சொன்ன மாதிரி. நன்றாக யோசித்து அருமையான ஒரு பொய்யைக் கண்டுபிடித்தேன். பல்லியே இல்லை. என் செருப்பு வார் அறுந்து வாளியில் விழுந்துவிட்டது. தப்பு என்மேல்தான். வீட்டில் பழைய செருப்பு ஒன்று கிடந்தது. சாட்சிக்கு அதன் வாரை அறுந்த மாதிரி வெட்டி மறுநாள் கொண்டுவந்தேன்.

"உனக்குப் பொய் சொல்ல வராதும்மா" என்றார் அக்கா.

"பாருங்க" என்றேன்.

மத்தியானம் வரிசையில் எல்லோரும் உட்கார்ந்ததும் செருப்பைக் கையில் தூக்கிப் பிடித்தேன். சோறு போடுகிற இடத்தில் அமைப்பாளர் ஒற்றைச் செருப்போடு நிற்பதைப் பார்த்து தலைமையாசிரியர் வராந்தாவிலேயே நின்றுவிட்டார்.

"பசங்களா, அன்னிக்கு சாம்பார்ல விழுந்தது பல்லியும் இல்ல, யாரும் போடவும் இல்ல. என் செருப்பு வாரு அறுந்து விழுந்துடுச்சு. இதோ பாருங்க."

ஏழாம் வகுப்பு ஆயிஷா எழுந்தாள். அவள் அப்பா ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற கட்டிங் பிரிவில் இருந்தார்.

"டீச்சர், அத இப்படிக் குடுங்க."

கொடுத்தேன். திருப்பிப் பார்த்தாள். விரலால் தேய்த்தாள். நகத்தால் ஒரு கீறு கீறிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது ரெக்சின் டீச்சர், தோலே இல்ல. அன்னிக்கு விழுந்தது ஆட்டுத்தோல். ஷூ உள்பக்கம் லைனிங்குக்குப் போடறது."

"ஆமா டீச்சர்" என்றான் ஒருவன். "ரெக்சின்னா கடிச்சா பிஞ்சு வரும். அக்கா கடிச்சாங்க, வரலயே."

"செருப்புக்கு லைனிங்கே கிடையாது டீச்சர்" என்றாள் இன்னொருத்தி, எனக்காக வருத்தப்பட்டு.

தோல் ஊரில் போய்த் தோலைப் பற்றிப் பொய் சொன்னேன் பாருங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. முதலில் சிரித்தது அக்கா. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அப்புறம் வரிசை வரிசையாகச் சிரிப்பு பரவியது. தலைமையாசிரியர் துண்டால் வாயை மூடிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். நான் ஒரு கையில் செருப்போடு, காது சுட, நின்றுகொண்டிருந்தேன்.

"சரி, அப்ப யாரு போட்டதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

சிரிப்பு பட்டென்று நின்றது. அத்தனை பிள்ளைகளும் தட்டைப் பார்த்தார்கள். அப்போதுதான் புரிந்தது. எல்லோருக்கும் முதல் நாளே தெரியும். ஒரு பிள்ளைகூட என்னிடம் வந்து சொல்லவில்லை.

ஆயிஷாதான் பேசினாள். "யாரும் போடல டீச்சர். தோல்ல வெட்டின பல்லிய எங்கிட்ட காட்டறப்ப கை வழுக்கி விழுந்துடுச்சு. வாளி நேரா கீழ இருந்துச்சு. சொல்றதுக்குள்ள அக்கா கலக்கிட்டாங்க." பிறகு, "டிசி குடுப்பீங்களா?" என்று கேட்டாள்.

"டிசி குடுக்கற அதிகாரமே எனக்கு இல்லம்மா. கோவத்துல சும்மா சொன்னேன்."

"அதுவும் பொய்யா?"

"அதுவும் பொய்தான்."

"அப்ப ரெண்டு பொய்" என்றாள் ஆயிஷா. மறுபடியும் சிரிப்பு. நான் மன்னிப்புக் கேட்டேன். பிள்ளைகளிடம் கேட்பது அவ்வளவு கஷ்டம் இல்லை. கேட்டவுடனே மறந்துவிட்டு, "டீச்சர், சோறு ஆறுது" என்பார்கள். சொன்னார்கள்.

டிசி பொய் என்கிற செய்தி சாயங்காலத்துக்குள் பிள்ளைகள் வாய்வழியாக நந்தினிக்குப் போயிருக்கும். மறுநாள் மத்தியானம் நாங்கள் பரிமாறத் தொடங்கியபோது கேட்டருகே நந்தினி நின்றாள். கையில் தட்டு. தோளில் பை இல்லை.

"எவனும் அவளப் பாக்கக்கூடாது" என்று அக்கா மெல்லச் சொன்னார். எவனும் பார்க்கவில்லை. அதாவது அத்தனை பேரும் அவ்வளவு கஷ்டப்பட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். அவள் வந்து ஆயிஷா பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் சாதம் வைத்தேன். தலை நிமிராமல், "வழுக்கிடுச்சு டீச்சர்" என்றாள்.

"தெரியும். சாப்பிடு."

சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் கேட்டாள். அப்புறம் இன்னும் கொஞ்சம். ஒரு வாரமாக ஊறுகாயும் சோறுமாகத் தின்ற வயிறு எப்படிக் கேட்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பார்க்கத்தான் போகிறீர்கள். தட்டைக் கழுவினாள். குழாயடியில் நின்றால் ஒரு பக்கம் கேட், இன்னொரு பக்கம் ஆறாம் வகுப்பு. நானும் அக்காவும் பாத்திரம் தேய்க்கிற மாதிரி நடித்துக்கொண்டே பார்த்தோம். அவள் கேட் பக்கம் இரண்டு அடி வைத்தாள். வகுப்புக்குள்ளிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். திரும்பி நடந்து உள்ளே போய்விட்டாள்.

அரை மணி நேரத்தில் அவள் அம்மா வந்தாள். ரவிக்கையில் ஊசி குத்தியபடி இருந்தது. மூச்சு வாங்கியது.

"தட்ட எடுத்துக்கினு சொல்லாம கொள்ளாம வந்துட்டா டீச்சர். வேல அப்படியே கிடக்குது. எங்க அவ?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "சாப்பிட வந்தா. சாப்ட்டா. க்ளாஸ்ல உக்காந்துக்கினு இருக்கா. நீயே போய்க் கூப்பிடு."

அவள் வகுப்பு ஜன்னலருகே போனாள். உள்ளே நந்தினி எழுந்து நின்று பாடம் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார இடைவெளி. அங்கங்கே தடுக்கியது. ஆனாலும் குரல் கணீரென்று கேட்டது. அம்மா கூப்பிடவில்லை. பத்தி முடியும்வரை நின்றாள். பிறகு திரும்பி வந்து எங்கள் முன்னால் நின்று சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"நாளையிலேர்ந்து காலைலயே அனுப்பறேன் டீச்சர். மத்தியானம் சோத்துக்கு மட்டும் வந்துட்டு வர்றது அசிங்கமா இருக்குது. ஊர்ல இன்னா நெனப்பாங்க!"

"அனுப்பு" என்றார் அக்கா, ரொம்பப் பெரிய மனதோடு.

சொன்னபடியே அனுப்பினாள். தையல் சாயங்காலத்துக்கு மாறியது. ஆனால் எனக்குப் பயம் முழுசாகப் போகவில்லை. ஒரு நல்ல ஆர்டர் வந்தால், கை ஒன்று கம்மியாக இருந்தால், மறுபடியும் நிறுத்திவிடுவாளோ என்று தினமும் காலையில் ஆறாம் வகுப்பை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டு மாசம் கழித்து ஒருநாள் அந்த அம்மா மறுபடியும் வந்தாள். வேகமாக, முகம் சிவக்க, நேராக என்னிடம்.

"இன்னா டீச்சர் இது? மூணு வாரமா கொண்டக்கடலைல உப்பே இல்லயாமே! அவ வீட்டுல வந்து பொலம்பறா. படிக்கிற புள்ளைங்க, வாய்க்கு ருசியா செஞ்சு போடக்கூடாதா? வாரத்துல ஒருநாள் நானே வந்து பாப்பேன், சொல்லிட்டேன்!"

அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கரண்டியோடு எழுந்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். அந்த அம்மாவுக்கு ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டேன். 'சோறு போடறாங்கன்னுதான் அனுப்பினேன்' என்று சொன்னவள், 'படிக்கிற புள்ளைங்க' என்கிறாள். இனி இவள் நிறுத்த மாட்டாள்.

உங்களிடமும் இப்படி யாராவது உப்புக்காகச் சண்டைக்கு வருவார்கள். தயவுசெய்து விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். ஸ்டூலை எடுத்துப் போடுங்கள். அப்புறம் உள்ளே போய்க் கொண்டைக்கடலையை வாயில் போட்டுப் பாருங்கள். நான் பார்த்தேன். உப்பு கம்மிதான்.